ஆத்தங்கரை என்று படித்தால் தப்பா?

15 ஜூன் 2025, வாசகர் கேள்வி

"பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரம் ஆகிறது. நம்ம டெல்டா பக்கத்துப் பிள்ளைகள் மூணாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைச் சரளமாகப் படிக்க முடியாமல் திணறுகிறார்கள். எனக்குப் பட்ட காரணம், வீட்டில் பேசுகிற கொச்சைத் தமிழ்தான். வாய்க்கால் வரப்பில் பேசுகிற பேச்சையே வகுப்பிலும் பேசினால் எழுத்து எப்படி வரும்? பெற்றோர் வீட்டில் நல்ல தமிழ் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆசிரியர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்."

15 ஜூன், இரவு

மன்னார்குடி பக்கத்திலும் அப்புறம் வேதாரண்யம் பக்கத்திலும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு எப்போதும் கீழ் வகுப்புகள்தான். அதனால் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் "கொச்சை" என்ற சொல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். "மழை பெய்துகொண்டிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு வா" என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? டாக்டர் வீட்டிலும் "மழ பேஞ்சிட்டிருக்கு, கொடைய எடுத்துட்டு வா"தான். கும்பகோணத்து அக்ரஹாரத்தில் "ஆத்துல இருக்கா, வந்துண்டிருக்கா" என்பார்கள். அதுவும் பாடநூலிலிருந்து அதே தூரம்தான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை வாசிக்கத் திணறினால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம், டியூஷன் வைக்கிறோம். நடவுக்குப் போகிற அம்மாவின் பிள்ளை திணறினால் மட்டும் "வீட்டுப் பேச்சு சரியில்லை" என்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ் படிக்க வருகிற எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு ஒன்று, எழுத்து இன்னொன்று. சில பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழைக் காதால் கேட்கிற வாய்ப்பு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. தாத்தா பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், அம்மா கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவாள். மற்ற பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்பில்தான் முதல்முறையாக அதைக் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

16 ஜூன்

"அப்படியானால் பேச்சால் பாதிப்பே இல்லையா?" என்று அதே நண்பர் கேட்கிறார். இருக்கிறது. எந்த இடத்தில் என்று பார்த்தால்தான் அதற்கு வழி பண்ண முடியும். நாளை விரிவாக எழுதுகிறேன், இன்று நோட்டுத் திருத்தும் வேலை கிடக்கிறது.

17 ஜூன்

அகரவரிசைப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ, உ உரல். நாம் எல்லோரும் படித்தது. இதில் இ-க்கும் உ-க்கும் போட்டிருக்கிற படங்களைப் பாருங்கள். நம் வீடுகளில் அது "எல". "எல போட்டாச்சு, சாப்பிட வாங்க." உரல் "ஒரல்". ஒண்ணாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எலிக்கும் எலைக்கும் ஒரே எழுத்துதானே?" அவள் காது அவ்வளவு கூர்மை. எலி என்று சொன்னாலும் எல என்று சொன்னாலும் அவள் வாயில் முதல் ஒலி ஒன்றுதான். படத்தைப் பார்த்து அவள் "எ" என்றால் நாம் தப்பு என்கிறோம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொடுக்க நாம் வைத்திருக்கிற படமே அந்த உறவைக் குழப்புகிறது.

இது டெல்டாவுக்கு மட்டும் உரியதில்லை, பேச்சுத் தமிழ் முழுக்க இருக்கிற ஒழுங்கு. சொல்லின் முதலில் இ, உ வந்து, அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் மாறும். நிலம் நெலம், விறகு வெறகு, இடம் எடம், குடம் கொடம், புகை பொக, முதலை மொதல. இடையில் மெய் இரட்டித்தாலோ இரண்டு மெய் சேர்ந்து வந்தாலோ மாறாது: உப்பு உப்புதான், இட்லி இட்லிதான், இஞ்சி மாதிரி மெல்லினம் சேர்ந்து வந்தாலும் மாறாது. வேதாரண்யத்தில் இருந்தபோது உ-க்கு உப்புப் படம் வரைந்து ஒட்டினேன். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தெரிந்த பொருள் எது? இ-க்கு இட்லி. வீட்டு வாயும் புத்தகமும் ஒத்துப்போகிற சொல்லில் தொடங்கிவிட்டு, எழுத்து மனதில் நின்ற பிறகு இலையைக் கொண்டுவந்தால் பிள்ளை தடுமாறுவதில்லை. "நாம எலன்னு சொல்றோம், புஸ்தகத்துல இலைன்னு எழுதுறோம்" என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும்.

அடுத்து, ற்ற. குறுவை நடவு சமயம் இது. மேட்டூர் 12-ஆம் தேதி திறந்தாயிற்று, எங்கு பார்த்தாலும் நாத்தங்காலும் நாத்து முடியும்தான். டெல்டாப் பிள்ளைக்கு நாத்தைப் போலப் பழகிய பொருள் இல்லை. அதே பிள்ளை புத்தகத்தில் "நாற்று" என்ற சொல்லைப் பார்த்தால் நா, ற், று என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிவிட்டு என்னைப் பார்க்கும். சொல்லைப் படித்தாகிவிட்டது, பொருள் எதுவும் வரவில்லை. "அது நாத்துதான்டா" என்று சொன்னதும் முகமே மாறிவிடும். அதோடு விடாமல் காற்று, ஆற்றில், சேற்றில், கீற்று, வெற்றிலை என்று பலகையில் எழுதிக்கொண்டே போனால், காத்து, ஆத்துல, சேத்துல, கீத்து, வெத்தல என்று வகுப்பே கத்தும். ஒரே பாடவேளையில் இத்தனை சொல்லும் கையில் வந்துவிடும். புதிதாக அந்தப் பிள்ளை கற்றது ஒரு எழுத்துச் சேர்க்கையை மட்டும்தான், சொற்களெல்லாம் அம்மா ஏற்கெனவே கொடுத்து அனுப்பியவை.

ஒன்று ஒண்ணு, மூன்று மூணு, நின்றான் நின்னான். அடித்தான் அடிச்சான், படித்தான் படிச்சான். ஐந்து அஞ்சு. மேல் வகுப்பு இலக்கணத்தில் போலி என்று ஒரு பாடம் நடத்துகிறோமே, அதில் முற்றுப்போலிக்கு உதாரணமே ஐந்து, அஞ்சுதான். மேல் வகுப்பில் இலக்கணம் என்று மதிப்பெண் கொடுப்பதைக் கீழ் வகுப்பில் பிழை என்று அடிக்கிறோம்.

17 ஜூன், பின்னிரவு

சொல்ல விட்டுப்போன ஒன்று. சொல் கடைசியில் வரும் ஐ. மழை, தலை, மலை எல்லாம் பேச்சில் மழ, தல, மல. மரம், பழம் என்னும்போது கடைசி ம் மூக்கில் கரைந்துவிடும். வாசிப்பில் இதனால் பெரிய தொல்லை இல்லை, எழுதும்போதுதான் "மழ பெய்தது" என்று வரும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வாசிப்பு வேறு, எழுத்துப்பிழை வேறு.

19 ஜூன்

மேலே நான் எழுதியதற்குப் பட்டுக்கோட்டை ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் சத்தமாகப் படிக்கச் சொல்லும்போது பிள்ளை நாத்து என்றே படித்தால் நான் திருத்தலாமா, கூடாதா?"

இந்த இழையில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

வகுப்பைப் பார்வையிட ஒருவர் வந்திருந்தார். புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டி ஒரு பையனைப் படிக்கச் சொன்னார். "ஆற்றங்கரையில் கன்றுக்குட்டி புல் மேய்ந்தது." பையன் விரலை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், "ஆத்தங்கரையில கன்னுக்குட்டி புல்லு மேஞ்சுச்சு" என்றான். வந்தவர் நாலு பிழை என்று குறித்துக்கொண்டார். அடுத்து ஒரு பெண். "ஆற்... றங்... கரையில்... கன்றுக்... குட்டி..." என்று ஒவ்வொன்றாகப் படித்து முடித்தாள், உச்சரிப்பில் ஒரு குறை இல்லை. நன்று என்று எழுதிக்கொண்டார். நான் அந்தப் பெண்ணிடம் "என்னம்மா மேஞ்சுது?" என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். பையனைப் பார்த்தேன். "கன்னுக்குட்டி டீச்சர், ஆத்தங்கரயில. எங்க வீட்டுக் கன்னும் அங்கதான் மேயும்" என்றான்.

யார் வாசித்தார்கள்? பையன் எழுத்தைப் பார்த்து, சொல்லை அறிந்து, பொருளைப் பிடித்து, தன் வாயில் அது எப்படி வருமோ அப்படிச் சொல்லியிருக்கிறான். ஒரு எழுத்தை விட்டிருந்தாலும் மேய்ந்தது என்பது மேஞ்சுச்சு ஆகியிருக்காது. அவன் "மேயுது" என்று படித்திருந்தால் அது பிழை, காலம் மாறிவிட்டது. "கன்னுக்குட்டி"க்குப் பதில் "ஆட்டுக்குட்டி" என்றிருந்தால் பிழை, ஊகித்திருக்கிறான். வீட்டு ஒலியில் படிப்பது பிழைக் கணக்கில் வராது.

வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சை ஆராய்ந்தவர். அவர் ஆசிரியர்களுக்குச் சொன்னதும் இதைத்தான்: வாசிப்புப் பிழையையும் உச்சரிப்பு வேறுபாட்டையும் பிரித்துப் பாருங்கள். அந்த நாட்டில் இந்தக் கதை பின்னால் நீதிமன்றம் வரை போனது. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்காததே அவர்கள் வாசிக்கக் கற்பதற்குத் தடையாகிறது என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1979-இல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர், வீட்டுப் பேச்சை அடையாளம் கண்டு அதை வைத்து வாசிக்கச் சொல்லித்தர ஆசிரியர்களுக்கு உதவுங்கள் என்று கல்வி வாரியத்துக்கு உத்தரவிட்டார். பிள்ளைகளின் பேச்சை மாற்றச் சொல்லவில்லை.

பட்டுக்கோட்டை சாருக்கு என் பதில்: வாக்கியத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் "நாத்து இல்லடா, நாற்று" என்று மறித்தால் பிள்ளை பொருளை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துப் படிக்கப் பழகிவிடும். முடித்த பிறகு நீங்கள் ஒருமுறை எழுத்தில் உள்ளபடி படித்துக் காட்டுங்கள், அது போதும்.

20 ஜூன்

சின்னக் குறிப்பு. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்ததிலிருந்து கீழ் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடு, வகுப்பை வைத்து இல்லாமல் பிள்ளைக்கு வருவதை வைத்துத் தொடங்கலாம். ஆனால் வீட்டு வாயில் படித்த காரணத்துக்காகவே சரளமாகப் படிக்கிற பிள்ளையை அரும்பில் நிறுத்திவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுபடி ஒற்றை எழுத்துகளோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதத்தில் படிப்பின் மேல் ஆசையே போய்விடும்.

22 ஜூன்

நாகூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பிள்ளைகள் காலையில் மதரசாவில் அரபு எழுத்து, அப்புறம் பள்ளியில் தமிழ், ஆங்கிலம். ஒன்று வலமிருந்து இடம், மற்றவை இடமிருந்து வலம். "எங்கள் பிள்ளைகளுக்குக் குழப்பம் இன்னும் அதிகம் இல்லையா?" என்கிறார்.

நான் பார்த்தவரை திசை பிள்ளைகளைக் குழப்பியதே இல்லை. பெரியவர்கள்தான் அதை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் அரபியைப் பற்றி அவர் கேட்டது நல்லதாகப் போயிற்று. அரபு நாட்டுப் பிள்ளைகளுக்கும் நம்மைப் போலவே வீட்டில் ஓர் அரபி, புத்தகத்தில் ஓர் அரபி. எலினோர் சாயெக் ஹத்தாத் என்ற ஆய்வாளர் இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலி புத்தகச் சொல்லில் வந்தால், அந்த ஒலியைத் தனியாகப் பிரித்தறிவது சின்னப் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்.

நமக்கு அந்த ஒலி ழ. டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் அது ள-தான். வாழையும் வாள, வாளை மீனும் வாள. நாகப்பட்டினம் கரையில் இரண்டும் தினமும் வாயில் வருகிற சொல். பேசும்போது எவருக்கும் குழப்பம் வருவதில்லை, வாளையை யாரும் தோட்டத்தில் தேடப் போவதில்லை. ஆனால் "சொல்வதை எழுதுக" என்று ஆசிரியர் நோட்டை எடுக்கச் சொல்லும்போது பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்? ஆசிரியரும் இதே ஊர்க்காரர். அவர் வாயிலும் ழ-வும் ள-வும் ஒன்றாகத்தான் வருகின்றன. ர, ற இன்னும் மோசம், தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றே. காதில் விழாத வித்தியாசத்துக்குப் பிரம்பைக் காட்டினால் அது நியாயம் இல்லை.

இதற்குக் கண்தான் துணை. வாழை, வாழைக்காய், வாழைப்பழம், வாழைத்தார் என்று குடும்பமாக எழுதிப் பார்க்கப் பார்க்க அந்த எழுத்து கண்ணில் நின்றுவிடும். சொல்வதை எழுதுவதற்குப் பதில் பார்த்துப் படித்துவிட்டு மூடி எழுதச் சொல்லுங்கள்.

22 ஜூன், மாலை

டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். சரியான செய்திதான். ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். நண்டு, கன்று, பந்து. மூணு சுழி, ரெண்டு சுழி என்பதைவிட இது எழுதுகிற பிள்ளைக்கு உதவும். ஆனால் மூணாம் வகுப்புக்கு மேல் சொல்லுங்கள். ஒண்ணாம் வகுப்புக்கு நண்டும் பந்தும் போதும்.

25 ஜூன்

"எல்லாம் சரி, பிள்ளைகள் அத்தையை அற்றை என்று எழுதுகிறார்களே, அது எதனால்?" நன்னிலம் பக்கத்து ஆசிரியை ஒருவர் கேட்டது.

இது வரும் என்று எதிர்பார்த்தேன். நாத்து நாற்று ஆகிறது என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், த்த என்று கேட்கிற இடமெல்லாம் ற்ற போட ஆரம்பிக்கும். பத்து பற்று ஆகும், முத்து முற்று ஆகும், சொத்து சொற்று ஆகும். "பற்று ரூபாய்" என்று எழுதிய நோட்டை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தப் பிள்ளை யாரும் சொல்லாத ஒரு விதியைத் தானே பிடித்திருக்கிறது, அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. நாலாம் வகுப்பு அரையாண்டுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதனால் 17-ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ற்ற சொற்களைச் சொல்லித்தரும் அடுத்த வாரமே அத்தை, பத்து, கத்தி, முத்து என்று வீட்டிலும் புத்தகத்திலும் மாறாத சொற்களை ஒரு வரிசை போட்டுவிடுங்கள். மாறுகிற சொல்லும் உண்டு, மாறாத சொல்லும் உண்டு என்று தெரியட்டும்.

28 ஜூன்

கும்பகோணத்திலிருந்து சௌராஷ்டிரம் பேசும் வீட்டு வாசகர் ஒருவர், "எங்கள் வீட்டில் தமிழே இல்லை, எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்?" என்று எழுதியிருக்கிறார். தஞ்சாவூரில் மராத்தி பேசும் வீடுகளும் உண்டு. அது வேறு கதை, வேறு மொழியைக் கற்பது. இந்த இழையில் அதைக் கலக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் கொஞ்சம் பொறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன், "வீட்டில் வேறு பாஷை" என்று புரிந்துகொள்கிறார்கள். அதே பொறுமை, தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் வேண்டும் என்பதே நான் கேட்பது.

29 ஜூன்

பஸ் போர்டு பற்றி ஒரு வார்த்தை. நேற்று திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிறுவன் "அம்மா, கொடவாசல் வண்டி வந்துடுச்சு" என்று கத்தினான். போர்டில் குடவாசல். அவன் எந்த எழுத்திலும் தடுக்கவில்லை. கும்மோணத்துக்காரர்கள் கும்பகோணம் என்ற போர்டைத் தினமும் படிக்கிறார்கள். கீவளூர் என்கிற ஊருக்குக் கீழ்வேளூர் என்று எழுதியிருப்பதையும் படிக்கிறார்கள். பஸ்ஸில் ஏற வேண்டிய அவசரம் இருப்பதால் யாரும் அந்தப் பிள்ளையின் உச்சரிப்பைத் திருத்துவதில்லை. எழுத்து ஒரு மாதிரி, சொல்வது ஒரு மாதிரி, இரண்டும் ஒரே ஊர் என்பதை ஐந்து வயதிலேயே தெரிந்துகொண்டு வருகிறார்கள். ஒண்ணாம் வகுப்பு முதல் மாதத்தில் நான் ஊர்ப்பெயர்களைத்தான் பலகையில் எழுதுவேன். பிள்ளைகளின் மாமா ஊர், ஆயா ஊர், திருவிழாவுக்குப் போகிற ஊர். வாசிப்பு என்பது இதுதான் என்று அங்கேயே பிடிபட்டுவிடும்.

3 ஜூலை

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "இவ்வளவு சொல்கிறீர்கள், பேசாமல் பாடநூலையே பேச்சுத் தமிழில் எழுதிவிடலாமே?"

வேண்டாம் என்பேன். யாருடைய பேச்சில் எழுதுவது? பட்டுக்கோட்டைப் பேச்சா, நாகப்பட்டினம் மீனவர் பேச்சா, மாயவரத்துக் கடைத்தெருப் பேச்சா? எதை எடுத்தாலும் மற்றப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு அந்நியத் தமிழ். எழுத்துத் தமிழ் எவருடைய வீட்டுக்கும் சொந்தம் இல்லாததால்தான் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எழுதியதை நாம் படிக்கிறோம், நாம் எழுதுவதை மலேசியாவில் படிக்கிறார்கள். அந்தச் சொத்தைக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால் அது பெரிய அநியாயம். பேச்சில் பாடநூல் கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், ஆனால் நாளைக்கு மனு எழுதவும் தீர்ப்பைப் படிக்கவும் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடவும் அந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டும். நிலத்துக்குப் போராடிய இந்தக் கீழத்தஞ்சைப் பக்கத்தில் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து இழந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

பாடநூல் அப்படியே இருக்கட்டும். வகுப்பில் பேச்சுக்கு இடம் வேண்டும். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழையும் வகுப்பில் கற்றுத்தரப் பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழை அவர்கள் விட்டுவிடவில்லை. தொல்காப்பியமே உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறது, வட்டாரச் சொல்லைத் திசைச்சொல் என்று தனியாக ஓர் இடம் கொடுத்து உட்காரவைக்கிறது. இழிவாகப் பேசவில்லை.

4 ஜூலை

நேற்றையதின் தொடர்ச்சி. முன்பு நான் பிள்ளைகள் சொல்கிற வாக்கியத்தைப் பலகையில் அப்படியே எழுதி, பக்கத்தில் புத்தகத் தமிழில் எழுதுவேன். "எங்கம்மா நாத்து பறிக்கப் போயிருக்கு" என்று ஒரு பக்கம், "என் அம்மா நாற்று பறிக்கப் போயிருக்கிறார்" என்று இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். இப்போது அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் எழுத்தில் பார்த்தால் எதை எழுதுவது என்று சில பிள்ளைகள் மயங்குகிறார்கள். அதனால் பேச்சு வாயிலேயே இருக்கட்டும், பலகையில் எழுத்துத் தமிழ் மட்டும். பிள்ளை தன் பேச்சில் சொல்லும், நான் அதைப் புத்தகத் தமிழில் எழுதுவேன், பிள்ளை அதைப் பார்த்துத் தன் பேச்சில் படிக்கும், அப்புறம் நான் எழுத்தில் உள்ளபடி படிப்பேன். இது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நிலைக்கும்.

6 ஜூலை

பேச்சு வேறு திசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம் சுவையான திசைகள்தான். மா பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், டெல்டாப் பிள்ளைக்கு மா என்றால் நில அளவு. மூணு மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. கணக்குப் புத்தகத்தில் ஏக்கரும் ஹெக்டேரும்தான் இருக்கும். ஆனால் சொல் வித்தியாசம் சின்ன விஷயம், ஒருமுறை சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். மலையே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைகள் மலை என்ற சொல்லைப் படிக்கவில்லையா?

பழைய எழுத்து பற்றிய கேள்விக்கு: 1978-இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த கொம்போடு வரும். பேரப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டிகள் சிலர் இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பாட்டியைத் தடுக்காதீர்கள். பிள்ளை இரண்டையும் கற்றுக்கொள்ளும்.

7 ஜூலை

கார்ட்டூன் பற்றி எழுதிய அம்மாவுக்கு நன்றி. அவர் மகள் சுட்டி டிவி பார்த்துவிட்டு "வாருங்கள் நண்பர்களே, ஒளிந்துகொள்ளலாம்" என்று விளையாடுகிறாளாம். கூட விளையாடுகிற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், அதனால் நிறுத்தச் சொல்லட்டுமா என்கிறார். நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா. எழுத்துத் தமிழை அவள் காதால் வாங்கி வாயால் பழகுகிறாள். கோயிலுக்குப் பாட்டியோடு போய் ஓதுவார் தேவாரம் பாடுவதைக் கேட்கிற பிள்ளைக்கும், சர்ச்சில் வேத வாசிப்பு கேட்கிற பிள்ளைக்கும் இதே பலன் உண்டு. "சென்றான்", "கண்டாள்", "எழுந்தருளி" எல்லாம் காதில் விழுந்திருக்கும். புத்தகத்தில் பார்க்கும்போது அது முன்பின் தெரியாத சொல்லாக இருக்காது.

என் வகுப்பில் தினமும் மதிய உணவுக்குப் பிறகு ஒரு கதையை எழுத்தில் உள்ளபடியே சத்தமாக வாசிப்பேன். விளக்கம் சொல்ல மாட்டேன், கேள்வி கேட்க மாட்டேன். கேட்டால் மட்டும் பதில். பாடத்திட்டத்தில் அதற்குத் தனி நேரம் கிடையாது, நானாக எடுத்துக்கொள்வது. பேச்சு வேறு எழுத்து வேறு என்பதை எந்த இலக்கணத்தாலும் புரியவைக்க முடியாத பிள்ளைக்கு இது புரியவைத்துவிடுகிறது. எல்லாப் பள்ளியிலும் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

13 ஜூலை

முதல் கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர் பேத்தி ரெண்டாம் வகுப்பு. "வீட்டில் நல்ல தமிழ் பேசச் சொன்னது வேண்டாம் என்கிறீர்கள், சரி. அப்போ நான் என்னதான் செய்வது?" என்கிறார். நியாயமான கேள்வி.

சார், பேத்தியோடு உங்கள் பேச்சிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள். உங்கள் சின்ன வயதில் ஆறு எப்படி இருந்தது, புயலில் என்ன ஆயிற்று என்று கதை சொல்லுங்கள். சொல் வளம் அதில்தான் வரும். ராத்திரி படுக்கும் முன் ஒரு பக்கம் கதைப் புத்தகம் நீங்கள் வாசியுங்கள், விரலை எழுத்தின் கீழ் ஓட்டிக்கொண்டே. அடுத்த நாள் அதே பக்கத்தை அவள் வாசிக்கட்டும். "மேய்ந்தது" என்பதை "மேஞ்சுச்சு" என்று படித்தால் விட்டுவிடுங்கள். "ஓடுச்சு" என்று படித்தால் மட்டும் "எங்க, இன்னொரு தடவ பாரு" என்று சொல்லுங்கள். முடிந்ததும் "அப்புறம் அந்தக் கன்னுக்குட்டி எங்க போச்சு?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அவள் வாசித்துவிட்டாள்.

ஆகஸ்ட் வரை இப்படிச் செய்துவிட்டு எழுதுங்கள். எந்தச் சொற்களில் நிற்கிறாள் என்று ஒரு தாளில் குறித்துவைத்து அனுப்பினால், அது ற்ற-வா, கடைசி ஐகாரமா, இல்லை கண்ணாடி தேவைப்படுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.